மாடி வீட்டுக்கு முதல் குடித்தனம்

"ஓனரே! குழாயில தண்ணி நூலு மாதிரி வருது. வாடகை மட்டும் கரெக்டா வாங்கத் தெரியுதா?"

மாடிப்படியில் நின்று ஊசியக்கா கத்துவாள். கீழே அவள் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "இஷ்டம்னா இரு, இல்லன்னா காலி பண்ணு" என்பார். போன மாதம் முழுக்க எங்கள் எதிர்வீட்டில் இதே கூத்துதான். வீடு அவர்களுடையது. புதிதாகக் கட்டிய மாடியை வாடகைக்கு விடுமுன் ஊசியக்கா தானே அதில் குடியிருந்து பார்த்தாள்.

அவள் தையல்காரி. தெருவில் பாதிப் பேரின் சட்டை அவள் தைத்ததுதான். இப்போது வலது தோள் கையைத் தூக்க விடுவதில்லை. "மிஷினுக்கு எண்ணெய் விட்டா ஓடும். எனக்கு எதை விடுறது? தையல்காரிக்கு யாரு பென்ஷன் தர்றா? இந்த மாடிதான் தரணும்." மகன் தன்னோடு வந்துவிடச் சொன்னபோது, "விருந்துக்கு வர்றேன்டா, தங்குறதுக்கு இல்ல" என்றாள்.

கணவருக்கு உள்ளூரப் பயம். "சேத்ததெல்லாம் சிமெண்டுல போட்டாச்சு. நீயே குடியிருந்தா அடுப்பு எரியுமா?"

அவள் அசையவில்லை. வாடகை வீடுகளிலேயே பாதி வயதைக் கழித்தவள். துணி காயப்போட்டால் திட்டு, விருந்தாளி வந்தால் திட்டு. ஆணி அடிக்கவே கூடாது என்பதால் கல்யாணப் போட்டோ பெட்டிக்குள்ளேயே கிடந்து மஞ்சளாகிப் போனது. அதனால் மாடிக்கு வரப்போகிறவர்களை நினைத்து, கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சுவிட்சை இடம் மாற்றினாள். வெயில் விழும் ஜன்னலுக்குத் திரை தைத்தாள். குழாயைச் சரிசெய்யும்வரை பிளம்பரை விடவில்லை.

நேற்று ஒரு நர்ஸ் கைக்குழந்தையோடு வந்தாள். குழாயைத் திறந்தாள், ஜன்னலோரம் நின்றாள், "யாரோ வாழ்ந்து பார்த்துக் கட்டின மாதிரி இருக்கேக்கா. எனக்கே குடுத்துடுங்க" என்றாள்.

"முன்னாடி இருந்தவ இன்னிக்குத்தான் காலி பண்ணா. பயங்கர வாயாடி" என்றார் கணவர், முகமெல்லாம் சிரிப்பாக.

இன்று காலை சாமான்கள் ஏறின. நர்ஸ் ஒரு போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தாள். "அக்கா, ஒரே ஒரு ஆணி..." என்று இழுத்தாள்.

ஊசியக்கா சுத்தியலை எடுத்துவந்து அவள் கையில் வைத்தாள். புத்தம் புதுச் சுவரில் இடது கையால் ஆணியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓங்கி அடிம்மா."