செல்வராணி அக்காவின் தப்பு நோட்டு

செல்வராணி அக்கா இன்று காலை இறந்துவிட்டார். நாலு நாள் காய்ச்சல்... அவ்வளவுதான்.

சேலத்திலிருந்து விருத்தாசலம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வழக்கமாக நான் இந்தக் குரூப்பில் எதுவும் எழுதுவதில்லை.

அக்காவுக்கு விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் செக்கிங் வேலை. சூளையிலிருந்து வரும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, விரிசல் இருந்தால் ஒதுக்க வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் நேராக லைப்ரரி, பேங்க் எக்ஸாமுக்குப் படிக்க. விரல் இடுக்கில் வெள்ளைத் தூள் அப்படியே இருக்கும்.

அதே லைப்ரரியில் நான் மூலையில் உட்கார்ந்திருப்பேன். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான்தான். இங்கிலீஷை வாய்விட்டுப் படிக்கக் கூச்சம்.

"ஏன் தங்கச்சி வாய்க்குள்ளயே முணுமுணுக்குற? ஒனக்கும் இங்கிலீஷுதான் ஒதைக்குதா? இங்க வந்து உக்காரு."

அன்றிலிருந்து என் தப்பு நோட்டு அவரிடம், அவருடையது என்னிடம். ஒருத்தர் போட்ட விடையை இன்னொருத்தர் திருத்தி, தவறானதை மட்டும் அதில் எழுத வேண்டும். "நானே திருத்துனா எனக்கு நானே மார்க்கு போட்டுக்குவேன்" என்பார்.

வீடு திரும்பும் மங்கலம்பேட்டை பஸ்ஸில்கூட சத்தமாகப் படிப்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

"யாரம்மா திட்டுற இங்கிலீஷுல?" என்று கண்டக்டர் கேட்டார்.

"கேள்வித்தாளத்தாண்ணா. ஒங்களத் திட்டணும்னா தமிழ்லயே திட்டுவேன்."

பஸ்ஸே சிரித்தது. நானும்.

பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் ஒரு வாக்கியத்தை நாலு துண்டாக்கி, எதில் தப்பு என்று கேட்பார்கள். கடைசி ஆப்ஷன், 'பிழை இல்லை'. அக்கா அதை மட்டும் தொடவே மாட்டார். சரியான வாக்கியத்திலும் எதையாவது சுழித்து வைப்பார். அவர் நோட்டில் பாதி அந்தத் தப்புதான்.

"நடுவுல சரியான வாக்கியமும் வரும்க்கா."

"போடீ. நாள் முழுக்க விரிசல் தேடிட்டு வரேன். நல்லா இருக்குதுன்னு வுட்டுட்டுப் போக மனசு வர மாட்டேங்குது."

போன வருஷம் எனக்கு சேலத்தில் பேங்க் வேலை கிடைத்தது. அக்காவுக்கு ரெண்டு மார்க்கில் போனது. என்னால் அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"நீயே வெச்சுக்க. சேலம் போனா திருத்த மாட்டியா என்ன? போட்டோ புடிச்சு அனுப்புறேன்."

வரும் சனிக்கிழமை மறுபடி எக்ஸாம். வயது வரம்புப்படி அவருக்கு இதுதான் கடைசி.

புதன்கிழமை இருபது கேள்விக்கு விடை போட்டு அனுப்பியிருந்தார். பேங்கில் கூட்டம். 'ஞாயித்துக்கிழமை பாக்குறேன்க்கா' என்று போட்டேன்.

'ஒண்ணும் அவசரமில்ல. லேசா காய்ச்சல். நானும் படுத்துதான் கெடக்குறேன்.'

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

ஆத்தூர் தாண்டியதும் போட்டோவைத் திறந்து திருத்தினேன். பதினெட்டு சரி.

மூன்று இடத்தில் 'பிழை இல்லை' என்று போட்டிருக்கிறார். ஒன்றில் முதலில் வேறு எதையோ சுழித்து, அடித்து, பக்கத்தில் எழுதியிருக்கிறார்.

மூன்றும் சரிதான் அக்கா.

மீதி ரெண்டை நோட்டில் எழுதிவிட்டேன். எடுத்துக்கொண்டு வருகிறேன்... போயிட்டு வாங்கக்கா.