கம் அட்டையில் ஒட்டிய எலி

அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து கீச்சென்று எழுந்த அந்தச் சத்தம், யாராவது பக்கத்தில் போனால் நின்றுவிடும், விலகினால் மறுபடி தொடங்கும். நான் ஆறாம் வகுப்பில் இருந்த ஆண்டு, விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய சாயங்காலம், வானவடியில் எங்கள் குடியிருப்பு. ராணுவக் கிடங்கில் வேலை பார்த்த அப்பா பஜாரிலிருந்து வாங்கிவந்து விரித்திருந்த பசைப் பலகைக்கு வீட்டில் 'கம் அட்டை' என்று பெயர். கொழுக்கட்டை மாவைக் கெடுத்த எலி அதில் வயிறு முழுக்க ஒட்டிக் கிடந்தது.

"கெடக்கட்டும், காலையில தூக்கிப் போட்டுக்கலாம்" என்றார் அப்பா.

"இது கத்திக்கினே இருக்கும், நீங்க புள்ளையாரக் கொண்டாந்து ஒக்கார வெப்பீங்களா? அவரு காலடியில இன்னா இருக்குது?" என்றாள் அம்மா.

"அது மண்ணு எலி. மாவு திங்காது."

"கொல்றதுன்னா ஒரேடியா கொன்னுடுங்க. இப்படி உட்டு வெக்காதீங்க."

"அதுக்கு இன்னா தெரியும்? சும்மா கத்துது."

அப்பா சொன்னதைப் பிற்காலத்தில் தத்துவ நூல்களிலும் படித்தேன்: விலங்கு ஓர் இயந்திரம், அதன் அலறல் எண்ணெய் போடாத சக்கரத்தின் ஓசை. அதற்கு யோசிக்கத் தெரியுமா என்பதைவிட வலிக்குமா என்பதே கேள்வி என்று மறுத்தவர்களையும் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"கிட்ட போனா மூச்ச அடக்குதுப்பா" என்றேன்.

அப்பா அட்டையைக் கொல்லைக்குத் தூக்கிப்போய், செங்கல் ஒன்றை எடுத்து ஓங்கினார். எலி கத்தலை நிறுத்தியது. விலா மட்டும் படபடக்க, அசைக்க முடிந்த ஒரே உறுப்பாகிய கழுத்தைத் திருப்பி, செங்கல் இருந்த பக்கம் பார்த்தது. ஓங்கிய கை அப்படியே நின்றது. அம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணெ கொண்டா" என்றார் அப்பா.

இருந்தது மறுநாள் விளக்குக்கான நல்லெண்ணெய் மட்டும். அம்மா முழுவதையும் ஊற்ற, அப்பா பழைய துணியால் ஒவ்வொரு காலாக விடுவித்தார். கடைசிக் காலின்போது அது அவர் விரலைக் கடித்தது. விடுபட்டதும் ஒரு கணம் அசையாமல் இருந்துவிட்டு, எண்ணெய்த் தடம் பதிய நேராக எங்கள் சமையலறைக்குள் ஓடியது.

"இன்னா தெரியும்னு கேட்டீங்களே, வீடு தெரியுது" என்றாள் அம்மா.

இன்று நான் அதே ஊரில், மகர்பட்டாவில் அடுக்குமாடிவாசி. கம் அட்டை எங்கள் வீட்டில் இல்லை. எலிச் சத்தமும் இல்லை. கீழே கார் நிறுத்துமிடத்தில், சுவரோரம் எலி மருந்து வைத்துப் பூட்டிய கறுப்புப் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு நிறுவனத்தின் ஆள் வருகிறார். போன சதுர்த்திக்கு முந்தைய நாள், பிள்ளையாரைக் கையில் ஏந்திக் காரிலிருந்து இறங்கியவன், ஒரு பெட்டியருகே நின்று காது கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சற்று விலகிப்போய், மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன்.