பதில் சொல்லாத சர்வர்

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஜவ்வரிசி ஆலை. அங்கே கணினிப் பிரிவு என்றால் இளஞ்செழியன் ஒருவன்தான். சங்கராபுரம் பக்கம் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் கூலி வீட்டில் பிறந்து, அந்தத் தெருவிலேயே முதலில் பட்டம் வாங்கியவன். மேசைமேல் சொந்தச் செலவில் பெயர்ப்பலகை வைத்திருந்தான்: ம. இளஞ்செழியன், பி.இ.

மேலாளர் தீனதயாளனுக்கு அந்தப் பலகையைக் கண்டாலே ஆகாது. அரைமணி முன்னதாகக் கிளம்பவும் விண்ணப்பம் கேட்பவர். அதில் ‘பணிவுடன்’ விட்டுப்போனால் முகத்திலேயே விட்டெறிவார்.

“இன்னாய்யா பி.இ., மும்பைக்காரன் ஆர்டர் அனுப்பிட்டேன்றான், மெயிலக் காணோம். கெழங்கு புடுங்கிக்கினு இருந்தவனுக்குலாம் சர்வர் எதுக்கு? சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு. இல்லனா நாளைக்கு என் மச்சான் மவன் அந்த சீட்டுல உக்காருவான்.”

இளஞ்செழியன் பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தான். ஒரு வாரமாக இதே கூத்து. ஸ்பேம் அனுப்ப எவனெவனோ மெயில் சர்வரைத் தட்டுவான். ‘அனுமதி இல்லை’ என்று சர்வர் பதில் சொல்லும். பதில் கிடைத்த மறுநொடி பக்கத்து இணைய எண்ணிலிருந்து இன்னொருவன் வருவான். மறுத்து மறுத்தே சர்வருக்கு மூச்சு முட்டியது. நல்ல மெயில்கள் வாசலில் தேங்கின.

பதில் சொல்வதுதான் தப்பு என்று சட்டென உறைத்தது. அவன் ஆறாவது படிக்கையில், ஊராட்சித் தலைவர்மேல் மனு கொடுத்தாரென்று அவன் அப்பாவை ஊர் ஒதுக்கி வைத்தது. யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. எண்ணெய்ப் புட்டியோடு போய் நின்றவனிடம் கடைக்காரர் ‘இல்லை’ என்றுகூடச் சொல்லாமல் எங்கோ பார்த்தார். திட்டினால் திருப்பித் திட்டலாம். அதை என்ன செய்வது? நாற்பதாம் நாள் அப்பா தானாகவே போய்த் தலைவர் காலில் விழுந்தார்.

தட்டிய எண்களையெல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்தான். எல்லாம் ஒரே உள்ளூர் கேபிள்காரரின் இணைய லைன்கள். யார் யார் வீட்டுக் கண்காணிப்புக் கேமரா பெட்டியிலோ வைரஸ் புகுந்து ஸ்பேமைத் தள்ளுகிறது. அந்த வரிசை மொத்தத்தையும் அடைத்தான். இனி மறுப்பும் போகாது, பதிலும் போகாது. காத்துக் காத்து ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நான்கு மணிக்கு மும்பை ஆர்டர் வந்து விழுந்தது. முதல் வேலையாக ஆலை முதலாளிக்கு போன் போட்டு, லைனை அடைத்ததையும் ஆர்டர் வந்ததையும் சொன்னான்.

ஆறு மணிக்கு, தியாகதுருகத்து வீட்டிலிருந்து தீனதயாளன் கூப்பிட்டார். “இங்க ஆபீஸ் மெயிலே தொறக்கலடா!”

“உங்க வூட்டு லைனும் அதே கேபிள்தாங்க சார். அடைச்சிட்டேன்.”

“என்னுத மட்டும் தொற.”

“வாயால சொன்னா ஆவாதுங்க சார். விண்ணப்பம் வேணும். நீங்க போட்ட ரூலுதான?”

அவர் வாய்க்கு வந்தபடி கத்தினார். இளஞ்செழியன் போனை வைக்கவுமில்லை, ஒரு வார்த்தை பதில் சொல்லவுமில்லை. கத்திக் கத்தி அவரே வைத்தார்.

மறுநாள் காலை ஒரு தாள் மேசையில் வந்து விழுந்தது. ‘பெறுநர்: ம. இளஞ்செழியன்’. ‘பணிவுடன்’கூட இருந்தது.

படித்துவிட்டு அவரிடமே நீட்டினான்.

“பட்டம் வுட்டுப்போச்சிங்க சார். எழுதிக்கினு வாங்க.”