கையில் ஒன்றுமில்லாமல் கூப்பிட்டது

ரெடிமேட் சட்டைகளுக்குக் காலர் தைத்துக் கொடுப்பது என் வேலை. தையல் முடிந்த சாயங்காலங்களில், மகள் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில் ஒரு பண்ணை விளையாட்டு விளையாடுவேன். ஆட்களோடு பேசக் கூச்சப்படுகிறவளுக்கு அது வசதி. அதில் விசில் அடித்தால் ஆடுகள் ஓடி வரும். எனக்கு அந்த விசில்தான் ஒட்டவில்லை. நம் பக்கம் ஆட்டுக்கு யார் விசில் அடிக்கிறார்கள்?

எங்கள் பின்சுவரை ஒட்டி ஆட்டுப்பட்டி இருக்கிறது. பட்டிக்கார அண்ணாச்சி “ப்ருர்ர்... இந்தா, இந்தா” என்று குரல் கொடுத்தால் அத்தனையும் அவர் காலடியில் வந்து நிற்கும். தின்னக் கொடுக்கக் கையில் கருவேல நெற்றோ வேப்பங்குழையோ இல்லாமல் அந்தக் குரலைக் கொடுக்க மாட்டார். “சும்மா கூப்பிட்டு ஏமாத்துனா நாளைக்கு நம்மள மதிக்காதுவ, தாயி” என்று என்னிடமே ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

அந்தக் குரலை விசிலுக்குப் பதிலாக வைக்க ஆசைப்பட்டேன். கேட்கக் கூச்சமாயிருந்தது. துணி காயப்போடுவது போல் சுவரோரம் நின்று போனில் பிடித்துக்கொண்டேன்.

விளையாட்டின் சத்தங்களெல்லாம் வேவ் என்ற வகைக் கோப்புகளாக ஒரு ஃபோல்டரில் இருந்தன. போன் பதிவு செய்தது வேறு வகை. பெயரின் கடைசி எழுத்துகளை மட்டும் மாற்றி உள்ளே போட்டேன். விளையாட்டு ஊமையாகிவிட்டது. சின்னச் சட்டையில் பெரிய சைஸ் லேபிளைத் தைத்தால் சட்டை பெரிதாகிவிடுமா? தையல்காரிக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். மாற்றித்தரும் மென்பொருளைத் தேடிப் பிடித்து நிஜமான வேவாக மாற்றினேன். இப்போது குரல் சுண்டெலி மாதிரி கீச்சிட்டது. போன் பதிவு செய்த வேகம் ஒன்று, விளையாட்டு வாசிக்கிற வேகம் வேறு. அதைச் சரிசெய்தால், விளையாட்டுக்குள் எவ்வளவு தள்ளிப் போனாலும் குரல் காதுக்குள்ளேயே கேட்டது. ஸ்டீரியோவில் இரண்டு தடமாக இருந்த ஒலியை ஒரே தடமாக்கிய பிறகுதான் விளையாட்டில் பட்டி இருக்கிற திசையிலிருந்து வந்தது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் போட்டுக் கேட்க வேண்டும். ஜன்னல் திறந்திருந்தது, ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்திருந்தேன். அண்ணாச்சி டீ குடிக்கப் போயிருந்த மாலைகளில், சுவருக்கு அந்தப் பக்கம் ஆடுகள் திமுதிமுவென்று ஓடி வந்து நிற்பது எனக்குக் கேட்டது. சிரிப்பாகக்கூட இருந்தது. கொஞ்ச நாளில் அந்த ஓட்டம் நின்றுபோனது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

ஒரு நாள் அண்ணாச்சி சுவரோரம் வந்து நின்றார். கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தார்.

“தாயி, சுக்கு இருந்தா ஒரு துண்டு தா.”

“தொண்டை கட்டியிருக்கா அண்ணாச்சி?”

“கட்டலை. கெட்டே போச்சு போல. நேத்து அம்புட்டும் உளுந்தங்காட்டுக்குள்ள எறங்கிட்டு. கத்துதேன், கத்துதேன், ஒண்ணு திரும்பணுமே! காட்டுக்காரன் ரோட்டுல வச்சு, ஆடு மேய்க்கியா, ஊரை மேய்க்கியான்னு கேட்டுட்டான். இனி அந்தப் பக்கம் வரக் கூடாதாம். வயசாயிட்டுல்லா, குரல் மாறிட்டு. வித்துரலாம்னு பாக்கேன்.”

சுக்கை எடுக்க உள்ளே போனவள் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். சுக்கைக் கொடுத்து அனுப்பினால் அவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆனால் ஆடுகளை விற்றுவிடுவார்.

வெளியே வந்து, “உள்ள வாங்க அண்ணாச்சி” என்றேன். ஜன்னலைச் சாத்திவிட்டு, சத்தத்தைக் குறைத்து அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன்.

அவர் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“இது நான்லா!”

“ஆமா. நான்தான் பிடிச்சேன். தினம் போட்டுப் போட்டுப் பாத்தேன். ஆடுவ ஓடி வந்துச்சு. நான் ஒண்ணும் குடுக்கலை.”

திட்டுவார் என்று தலையைக் குனிந்திருந்தேன்.

“இன்னொருக்கப் போடு” என்றார். போட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. “அப்பம் என் தொண்டைக்கு ஒண்ணுமில்ல! நான் என்னமோ ஏதோன்னு... ஏட்டி, இத மொதல்லயே சொல்லியிருந்தா சுக்கு மிச்சமாயிருக்கும்லா.”

அந்தச் சிரிப்புக்குப் பதில் அவர் என்னை அடித்திருக்கலாம்.

“நான் வந்து மன்னிப்பு கேக்கட்டுமா, காட்டுக்காரர்கிட்ட?”

“அவன்ட்ட நான் பேசிக்கிடுதேன். ஆட்டுக்கிட்ட யாரு பேசுவா?”

இப்போது தினமும் சாயங்காலம் தையலை நிறுத்திவிட்டுப் பட்டிக்குப் போகிறேன். நெற்றுச் சாக்கைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நிற்பேன். அவர் கூப்பிடுவார். குட்டிகள் வந்துவிடுகின்றன. பெரிய ஆடுகளில் பாதி யோசித்து யோசித்து வருகின்றன. முன்னால் நடக்கும் கறுப்பு வெள்ளாடு மட்டும் அசைபோட்டபடி எங்களைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. மேய்ச்சலில் அது நகர்ந்தால்தான் மற்றவை அடுத்தவர் காட்டை விட்டு வரும். அண்ணாச்சி மறுபடி கூப்பிடுகிறார். நான் நெற்றை அள்ளிக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.