பவுனுக்கு நீட்டிய கை

அப்பாசாமி அண்ணனைப் பற்றி எழுதுவதென்றால் என் பங்கையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அந்த மனுஷன் மட்டும் தனியாகப் பழி சுமப்பார்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி அவருடைய சலூன். பக்கத்தில் என் ஜெராக்ஸ் கடை. அண்ணனுக்கு வாய் ஓயாது. ஒரு தலையை முடிப்பதற்குள் நாலு குடும்பத்துக் கதை வெளியே வந்துவிடும். ஆனால் கை அவ்வளவு பதம். அலறுகிற குழந்தைக்குக்கூட ஒரு கீறல் விழாது. அந்தக் கைக்காகத்தான் பாதையோரத்துக் கிளி ஜோசியக்காரர்கள் கிளியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வருவார்கள். இறக்கையில் நீளமான இறகுகளை வெட்டிவிட்டால் கிளி பறக்காது. கூண்டைத் திறந்ததும் நடந்து வரும், சீட்டை எடுத்துக் கொடுக்கும், ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும்.

பன்னிரண்டு வருஷம் வெட்டினார். கூலி வாங்கவில்லை. பாவமில்லையா என்று ஒருநாள் கேட்டேன். "முடிதானடா கோபி, ரெண்டு வாரத்துல வந்துடும்" என்றார். சலூன்காரருக்கு வேறெப்படித் தோன்றும்? நானும் தலையாட்டினேன்.

போன தை மாசம் கிளி வைத்திருப்பவர்களை வனத்துறை பிடிக்கிறது என்று பேச்சு அடிபட்டது. ஜோசியக்கார ராமன் அவசரமாக வந்து தன் கூண்டை சலூனில் இறக்கினான். "அண்ணா, ஒரு வாரம் வச்சிருங்க" என்றவன் அப்புறம் வரவேயில்லை. உள்ளே இருந்த கிளிதான் பவுனு. அண்ணன் கவலைப்படவில்லை. ரெண்டு வாரத்தில் இறகு வந்துவிடும், பறந்து போய்விடும் என்று கணக்குப் போட்டார். ஒரு மாசம் ஆயிற்று. வெட்டின இறகின் அடிக்கட்டை அப்படியே நின்றது.

என் பைக்கில் இரண்டு பேரும் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே எழிலரசி என்ற டாக்டரம்மா இறக்கையை விரித்துப் பார்த்தாள்.

"இது முடி இல்லீங்க. வெட்டினா வெட்டினபடியே நிக்கும். அந்தக் கட்டை தானா உதிர்ந்து புதுசா முளைச்சாதான் உண்டு. பல மாசம் ஆவும். யாருங்க இப்படி வெட்டினது?"

"தெரியலீங்க" என்றார் அண்ணன்.

நான் தரையைப் பார்த்தேன். வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லித்தான் அந்தம்மா அனுப்பினாள். திரும்பி வந்தோம். கடை வாசலில் இறங்கியதும், "எத்தனை கிளிடா கோபி... பொய் வேற சொல்லிட்டேன்" என்றார். ஒப்படைக்கவும் மறுத்துவிட்டார். "வெட்டினவன் நானு. பறக்க வெக்காம யாராண்டயும் குடுக்கமாட்டேன்." அது பிராயச்சித்தமா, பிடிவாதமா என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பவுனுக்கோ அவரைக் கண்டாலே நடுக்கம். சலூனில் கத்தரிச் சத்தம் கேட்டால் கூண்டு மூலையில் ஒட்டிக்கொள்ளும். அவர் கூண்டுக்குள் கைவிட்டபோது கட்டைவிரலைப் பதம் பார்த்தது. "கடி, நல்லா கடி" என்றார். ரத்தம் சொட்டுகிற விரலை உடனே இழுத்துக்கொள்ளவில்லை.

யோசனை சொன்னது நான்தான். போனில் ஏதோ வீடியோ பார்த்த தைரியம். "கூண்டை என் கடைல வையுங்க. கதவைத் திறந்துட்டு, உள்ளங்கைல வேர்க்கடலை வச்சிக்கினு சும்மா உக்காருங்க. அதுவா வரட்டும்." அப்படியே செய்தார். ஓயாத வாய் தினமும் ஒரு மணி நேரம் மூடிக்கிடந்தது. கை நீட்டி, "பவுனு, வா" என்று மட்டும் சொல்வார். நாற்பது நாளுக்கு மேல் ஆயிற்று. ஒருநாள் ஒற்றைக் கால் வைத்தது. அப்புறம் இன்னொன்று. சலூனிலிருந்து பாதி தாடி சோப்போடு எழுந்து வந்து நின்றிருந்த வாடிக்கையாளர், "அப்பாசாமி, மீதிப் பாதிக்கு நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டார். அண்ணன் காதில் விழவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

ஆனியில் கட்டைகள் உதிரத் தொடங்கின. புது இறகு வந்தது. ஜெராக்ஸ் மெஷினிலிருந்து கைக்கு ஒரு தாவல். அப்புறம் அலமாரியிலிருந்து. பேப்பர் கட்டுமேல் விழுந்து எழுந்து மறுபடியும். ஆவணியில் எதிர்த்த வேப்பமரம்வரை போய், கை நீட்டியதும் திரும்பி வந்தது. நாங்கள்தான் பறக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் போல இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. ஒரு காலையில் மலைப்பக்கம் போன கிளிக்கூட்டத்தோடு அதுவும் போய்விட்டது. அன்றைக்கு சலூனுக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ.

புரட்டாசிப் பௌர்ணமி முடிந்த மறுநாள் ராமன் கூண்டோடு வந்தான். உள்ளே பவுனு.

"அதிசயம் கேளுங்கண்ணா. நேத்து சாயந்தரம் குபேர லிங்கத்தாண்ட ஒரு சாமியார் பிச்சைக்குக் கை நீட்டினு இருந்தாரு. இது மரத்துலர்ந்து வந்து அவரு கைமேல உக்காந்துச்சு. அவரு பயந்து உதறிட்டாரு. நான் கை நீட்டினேன், என்னாண்ட வந்துடுச்சு. பழைய பாசம்! ஜாஸ்தியா வளர்ந்திருக்குது, கொஞ்சம் வெட்டி வுடுங்க."

பௌர்ணமிக்குப் பௌர்ணமி இந்தப் பாதையில் எத்தனை கை நீளுகிறது! பிச்சைக்கு, அன்னதானத்துக்கு, ரேகை காட்ட. இந்த ஊரில் போய், நீட்டிய கையெல்லாம் நல்ல கை என்று ஒரு கிளிக்குப் பழக்கியிருக்கிறேன். படித்தவன் நான்.

அண்ணன் கூண்டைத் திறந்தார். பவுனு ஓடிவந்து அவர் உள்ளங்கையில் ஏறிக்கொண்டது.

"வெட்டமாட்டேன் ராமா."

"நீங்க வெட்டலன்னா வேற ஆளு இல்லியா?"

"இருப்பான். ஆனா இதை உன்னாண்ட குடுக்கமாட்டேன். வனத்துறைக்கு போன் போடட்டுமா?"

ராமன் திட்டிக்கொண்டே வெறுங்கூண்டோடு போனான். நான் பெருமூச்சு விட்டேன். அண்ணன் விடவில்லை. டாக்டரம்மாவுக்கு போன் போட்டார். "அன்னிக்குக் கேட்டீங்களே, வெட்டினது நான்தாங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினார். அந்தம்மா திட்டவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் உறைத்தது. "மனுஷன் கையை நம்புற கிளி வெளியே பிழைக்காதுங்க. யாராவது பிடிச்சிடுவாங்க. மனுஷனைப் பாத்தா பயப்படணும்" என்றாளாம்.

மறுநாள் காலை பவுனை வேப்பமரத்தில் விட்டார். கீழே நின்று கை நீட்டினார். "பவுனு, வா." வந்தது. கையில் உட்காரப்போகும் நேரத்தில், முடிவெட்டும்போது போர்த்துகிற துணியை அதன் முகத்துக்கு நேரே உதறிக் கத்தினார். கீச்சென்று அலறி மரத்துக்குப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்துக் கை நீட்டினார். மறுபடியும் வந்தது. முதல் நாள் மட்டும் ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் எங்களை மன்னித்துவிட்டுத்தான் வந்தது. நானும் கை நீட்டினேன். நம்பி வந்த கிளிமேல் தண்ணீரை வீசினேன். வெட்டிய பாவத்தைவிட இது பெரிய பாவமாக இருந்தது எனக்கு.

ஒன்பதாம் நாள். கை நிறையக் கடலையோடு நின்றார். "பவுனு, வா" என்றார். குரல் பழையபடி கனிந்திருந்தது. வந்துவிட வேண்டுமென்று அவரே ஆசைப்படுகிறார் என்று எனக்குத் தோன்றியது. துணியைத் தோளிலிருந்து எடுக்கக்கூட இல்லை. பவுனு கிளையிலிருந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. இன்னும் ஒரு கிளை மேலே ஏறியது. பிறகு மலைப்பக்கம் பறந்துவிட்டது.

அவர் நெடுநேரம் கையை இறக்கவில்லை.

"பயப்படுதுடா கோபி" என்றார். "நல்லா பயப்படுது."

அன்றைக்கு சலூன் திறக்கவில்லை.