யூனிட் இல்லாத முப்பது

“தங்கச்சி, இந்த வால்வுக்கு முப்பது பார் ஸ்பிரிங் மாட்டச் சொல்லி ஆர்டர் வந்திருக்கு. இந்த டேங்க் அவ்வளவு தாங்காதுலா. செக் பண்ணிச் சொல்லு.”

சுங்கை ஊடாங்கில் ஓர் ஆலையிலிருந்து ஃபிட்டர் மணியம் அண்ணன் பேசினார். நான் பாச்சாங்கில், அந்த ஆலைக்கு வால்வு விற்கும் கம்பெனியில் இருந்தேன். பழைய டேட்டா ஷீட்டுகளை, ஆலையின் சிஸ்டம் நேரடியாகப் படிக்கும் ஸ்டாண்டர்ட் ஃபைலாக மாற்றுவது என் வேலை.

ஷீட்டைத் திறந்தேன். முப்பது என்றுதான் இருந்தது. பி.எஸ்.ஐ. என்ற அழுத்த அளவில். பார் கணக்கில் அது இரண்டுதான்.

ஃபைலில் எண்ணுக்கு ஒரு கட்டம், யூனிட்டுக்கு ஒரு கட்டம். பதினொரு வால்வுக்கு யூனிட் கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன். ஆலையின் சிஸ்டம் அதைத் தானாகவே பார் என்று எடுத்துக்கொண்டு, ஸ்பிரிங் மாற்ற ஆர்டர் போட்டிருந்தது. எண்களை இரண்டு முறை சரிபார்த்தவள் நான். ஓர் எண்கூடத் தப்பில்லை. முப்பது பார் ஸ்பிரிங் மாட்டினால், அழுத்தம் ஏறும்போது திறந்துவிட வேண்டிய வால்வு, டேங்க் வெடித்த பிறகும் மூடியே இருக்கும்.

“அண்ணே, மாட்டாதீங்க!”

“இதை மாட்டல. நேத்து வேற ரெண்டு மாத்தி மாட்டியாச்சே. நாளைக்கு லைன் ஸ்டார்ட்.”

பாஸ் குணாவிடம் ஓடினேன். “ஃபைலைத் திருத்தி அனுப்பிடு. வெளிய சொல்லாத, கான்ட்ராக்ட் போயிடும்” என்றார்.

“ஃபைலைத் திருத்தினா மாட்டின ஸ்பிரிங் கழண்டுடுமா சார்?”

அவர் முன்னாலேயே ஆலை இன்ஜினியர் புவான் ரொஹானாவுக்குப் போன் போட்டேன். “சாயா யாங் சாலா, புவான்” என்று மலாயில், தப்பு என்னுடையதுதான் மேடம் என ஒப்புக்கொண்டு, பதினொரு வால்வு நம்பரையும் படித்தேன். அவர் உடனே, “ஸ்டார்ட் இல்லை. எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறேன்” என்றார்.

கான்ட்ராக்ட் போகவில்லை. ஆனால் ஆறு மாதம் எந்த ஃபைலையும் பாஸ் என்னிடம் தரவில்லை. அந்தப் போனுக்கு அடுத்த வாரமே ஆலைக்குப் போனபோது, மணியம் அண்ணன் சொன்ன டேங்க்கைப் பார்த்தேன். அதையொட்டி ஒரு மேசை. மூன்று பேர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: நீங்கள் காலியாக விடும் கட்டத்தை எதிர்ப்பக்கத்து கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ளும். தப்பு தெரிந்தால், ஃபைலைத் திருத்துவதற்கு முன் போனை எடுங்கள்.