கசிகிற டிரான்சிஸ்டர்

என் மேசை இழுப்பறையில், சட்டைப் பட்டன் வருகிற சின்ன பாக்கெட் ஒன்றில், கால் ஒடிந்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் கிடக்கிறது. மொச்சைக்கொட்டை அளவு உலோகத் தொப்பி, அவ்வளவுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் கட்டிங் மாஸ்டர் மேல் எனக்கு எரிச்சல் வரும்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ரேடியோ ரிப்பேரில் தொடங்கி, இரண்டாயிரத்துக்குப் பிறகு நிட்டிங் மெஷின் போர்டு பார்க்கும் அளவுக்கு வந்தேன். படித்த இன்ஜினியர்கள் கைவிட்ட போர்டைக் காரில் போட்டுக்கொண்டு முதலாளிகள் என் கடை வாசலில் நின்றார்கள். நான் முதன்முதலில் பாகம் பாகமாய்ப் பூட்டிய ரேடியோவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தேன். இத்தனை வருடத்தில் ஒரு பாகம் மாற்றியதில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன்.

கட்டிங் மாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வாரமெல்லாம் பனியன் துணி வெட்டுவார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிடார் வாசிப்பார். கிடார் சத்தத்தைக் கரகரவென்று உடைத்துத் தரும் பெட்டி ஒன்றைத் தானே செய்திருந்தார். காலால் மிதித்தால் வேலை செய்யும். அதில் கம்பி ஒன்று விட்டுப்போனது. மூன்றாம் நாள் அவிநாசிபாளையத்து இன்னிசைக் குழுக்காரர் அவர் வாசிப்பைக் கேட்டு, பிடித்தால் குழுவில் சேர்த்துக்கொள்வதாக இருந்தது. "கம்பிய மட்டும் பத்த வைங்க அண்ணாச்சி, வேற எதையும் தொட்டுறாதிய" என்றார். நான் சும்மா இருப்பேனா? மீட்டர் வைத்தேன். உள்ளே இருந்த இரண்டு டிரான்சிஸ்டரும் கசிந்தன. கரண்ட்டை நிறுத்த வேண்டிய நேரத்திலும் கொஞ்சம் விட்டுக்கொண்டே இருந்தன. ரேடியோவில் அது குப்பை. இரண்டையும் கட்டரால் நறுக்கி எறிந்துவிட்டு, புத்தம் புதிய சிலிக்கான் போட்டுக் கொடுத்தேன்.

வாசித்துப் பார்த்தவர் முகம் செத்துப்போயிற்று. "என்னத்த செஞ்சு வச்சிருக்கிய அண்ணாச்சி? அந்தக் கசிவுலதாம்லா சத்தமே இருந்துச்சு! இப்ப குளவி இரையுத மாரி இரையுது."

"ஏனுங்க மாஸ்டர், கெட்டுப்போனதைத்தானுங்க எடுத்தேன்!"

"அந்தக் கெட்டது ரெண்டையும் தேடி ஒரு வருசம் அலைஞ்சிருக்கேன்."

குப்பைக் கூடையைக் கவிழ்த்தோம். ஒன்றில் பற்றவைக்கும் அளவுக்குக் கால் மிச்சமிருந்தது. மற்றதற்குக் கால் அடியோடு ஒடிந்துபோயிருந்தது. இரண்டு நாள் பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்து அளந்தோம். நல்லதும் ஆகாதாம், ரொம்பக் கெட்டதும் ஆகாதாம், அளவாகக் கெட்டது வேண்டுமாம்! வாழ்நாள் முழுக்க நல்லதைத் தேடிய என் கைக்கு இப்படியொரு வேலை. கடைசியில் அவர் கண் கண்ணாடிப் பெட்டிக்குப் போனது.

"அது தங்கமுங்க. கசியாதுங்க" என்றேன்.

அளந்தோம். அதிலிருந்த டிரான்சிஸ்டர் ஒன்று கசிந்தது, அவர் கேட்ட அதே அளவு. மீட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தங்கந்தான் அண்ணாச்சி" என்றார்.

பிடுங்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது? வெயில் ஏறினால் கசிவும் ஏறிச் சத்தம் திக்கும் என்பதால், பெட்டியை பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே ஈரமான பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றி வாசித்தார். குழுவில் சேர்த்துக்கொண்டார்கள்.

இன்றும் சித்திரை பிறந்தால் போன் வரும். "சத்தம் திக்குது அண்ணாச்சி." துணியை நனையுங்கள் என்று கத்திவிட்டு இழுப்பறையைத் திறப்பேன், கால் ஒடிந்தது அப்படியே கிடக்கும். கண்ணாடிப் பெட்டியில் ரேடியோ ஊமையாக உட்கார்ந்திருக்கிறது. வேறொரு டிரான்சிஸ்டர் போட்டால் பாடும்தான். போடவில்லை. ஒரு பாகமும் மாற்றாத ரேடியோ என்று வருகிறவர்களிடம் நான் இன்னும் சொல்ல வேண்டுமே.